காப்புக் கட்டியவன் காலில் செருப்பு

அத்தியாயம் ஏழு

செவந்தியின் வீட்டுக் கதவில் அரிவாள் பாய்ந்து நின்ற அதே நேரத்தில் இன்னாசியின் மோரிஸ் கார் அந்தத் தெருவுக்குள் வந்து நின்றது. நின்றது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அந்த வண்டியில் பிரேக் என்று ஒரு கட்டை உண்டு. மிதித்தால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. இன்னாசி கியரைக் குறைத்து, சக்கரத்தைத் தெரு ஓரத்து மணலில் இறக்கி, புனித அந்தோணியாரை ஒரு தடவை நினைத்துக்கொண்டு நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி உயிர் வருமா என்பது அந்தோணியாருக்கே தெரியாது.

"எறங்கலாங்கய்யா. வல்லத்திராக்கோட்டை வந்திருச்சு."

"இன்னொரு சாண் போயிருந்தா மேலோகமே வந்திருக்கும்" என்றபடி பின் சீட்டிலிருந்து இறங்கினார் ரத்தினவேல்.

புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த நாளில் அதன் ரகசியப் போலீசில் இருந்தவர் அவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போயிற்று, கூடவே வேலையும் போயிற்று. மீசையும் கருங்காலித் தடியும்தான் மிச்சம். பத்து வருஷமாகத் துப்பறிந்து வயிறு வளர்க்கிறார். இன்றைக்கு அவரை அமர்த்தியிருப்பது மெட்ராஸில் இருக்கும் ஒரு மோட்டார் இன்ஷூரன்ஸ் கம்பெனி.

அவரோடு இறங்கியவர் அந்தக் கம்பெனியின் ஏஜெண்ட் கோதண்டம். ராத்திரி ரயிலேறிக் காலையில் வந்து சேர்ந்ததாகச் சொன்னவரை இன்னாசிதான் ஸ்டேஷன் வாசலில் ஏற்றிக்கொண்டான். வெள்ளை வெளேர் என்று சட்டை. கீச் கீச் என்று கத்தும் புது பூட்ஸ். கல்யாண மாப்பிள்ளை போல ஒவ்வொரு அடியாக அளந்து வைத்து நடந்தார்.

"பூட்ஸ் கடிக்குதுங்களா சார்?" என்று அப்போதே கேட்டான் இன்னாசி.

"புதுசு இல்லையா" என்றார் கோதண்டம். பேச்சை மாற்ற, "இந்த வண்டியை இதுவரைக்கும் எத்தனை தடவை இடிச்சிருப்பே?" என்றார்.

"நான் இடிச்சதா, என்னைய இடிச்சதா?"

"உனக்கு மெட்ராஸில் பாலிசி போடணும்னா வண்டி விலையை விட பிரீமியம் அதிகம் கேப்பாங்க அப்பா."

"அதுக்குத்தாங்க நான் புதுக்கோட்டையிலயே இருக்கேன்."

அந்தப் பதிலுக்குக் கோதண்டம் சிரிக்கவில்லை. தன் நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்களை இன்னாசி சுலபத்தில் மறக்கிறவன் அல்ல.

விவகாரம் இதுதான். நேற்று மத்தியானம், ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பில் ஒரு கறுப்பு ஆஸ்டின் கார் ரோட்டை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி டிரைவர் குழந்தைசாமி, செவந்தியின் புருஷன், பிணமாக இருந்தான். மரத்தடியில் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்திருந்த ராக்காயி என்ற கூலிக்காரி சக்கரத்தில் நசுங்கிச் செத்தாள். பாலிசியில் எழுதியிருக்கும் டிரைவர் குழந்தைசாமி ஒருவன்தான். அவன்தான் ஓட்டினான் என்றால் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும். வேறு ஆள் ஓட்டினான் என்றால் சல்லிக்காசு கிடையாது. யார் ஓட்டினது என்று கண்டுபிடித்துச் சொல்லத்தான் ரத்தினவேல். "பேருக்கு ஒரு விசாரணை செஞ்சு எழுதிக் குடுத்தாப் போதும் சார்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் கோதண்டம்.

கதவில் அரிவாளை வீசியவன் ராக்காயியின் மகன் மலையாண்டி. தாய்க்குக் கொள்ளி வைத்து மொட்டையடித்த தலை, ஈரம் காயாத வேட்டி. அவனுக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது.

"எங்க ஆத்தா யாரு குடியையும் கெடுத்தவ இல்ல" என்றான். குரல் உடைந்திருந்தது. "காப்புக் கட்டுன கையோட செருப்பு மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டியிருக்கான் பாவி. மாரியாத்தா சும்மா விடுவாளா? அவன் செஞ்ச குத்தத்துக்கு எங்க ஆத்தா உசுரும் போச்சு. இவ இந்த ஊர்ல இருக்கப்படாது. பொழுது எறங்குறதுக்குள்ள போகலன்னா வீட்டோட வச்சுக் கொளுத்துவேன்."

ஊர் முத்துமாரியம்மனுக்குப் பங்குனித் திருவிழா. காப்புக் கட்டியாயிற்று. பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டு மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டவன், அதை அவிழ்க்கும் வரை காலில் செருப்புப் போடக் கூடாது. வெளியூரில் ராத் தங்கவும் கூடாது. குழந்தைசாமியும் கட்டிக்கொண்டவன்தான். ஆனால் காரிலிருந்து அவனை இறக்கியபோது வலது காலில் ஒரு செருப்பு இருந்ததை ஊரே பார்த்தது. இடது செருப்பு பிரேக்குக்கு அடியில் சிக்கியிருந்தது. ஊருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. போலீசுக்கும்தான். செருப்புச் சிக்கிப் பிரேக் பிடிக்காமல் போய்விட்டது என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அம்மன் கேட்டுவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. இரண்டு தரப்புக்கும் கணக்கு நேர்.

"பொணம் காலையில ஆஸ்பத்திரியிலருந்து வந்திருச்சு" என்று கும்பலிலிருந்து பூசாரி ஆண்டிச்சாமி சொன்னார். "காப்ப அறுக்காம எடுக்க முடியாது. வெரதம் கெட்டவன் கையில நான் காப்பு அறுக்க மாட்டேன். சொல்லிப்புட்டேன்."

ரத்தினவேல் மலையாண்டியின் பக்கமாக ஓர் அடி வைத்தார். மலையாண்டி அரிவாளைக் கதவிலிருந்து பிடுங்கி வீசினான். இன்னாசி குனிந்ததால் அவன் தலை தப்பியது. கருங்காலித் தடி மலையாண்டியின் மணிக்கட்டில் இறங்கிய சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அரிவாள் மண்ணில் விழுந்தது. மலையாண்டி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எலும்பு முறியல" என்றார் ரத்தினவேல். "அந்தி வரைக்கும் பொறு தம்பி. ஒங்க ஆத்தாளக் கொன்னது யாருன்னு நான் காட்டுறேன். அவன் குழந்தைசாமின்னா, இந்த வீட்டுக்கு நானே தீ வைக்கிறேன்."

இன்னாசி அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தான். இந்த மனிதர் வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார் என்பதுதான் அவரோடு சேர்ந்திருப்பதில் உள்ள ஒரே கஷ்டம்.

வீட்டுக்குள் நுழையும்போது ரத்தினவேல் தன் செருப்பை வாசலில் விட்டார். இன்னாசிக்கு விடுவதற்கு ஒன்றும் இல்லை. கோதண்டம் படியேறவில்லை. "சாவு வீடு. நான் இங்கேயே நிக்கிறேன்" என்றார்.

உள்ளே குழந்தைசாமி வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. செவந்தி அழவில்லை. அழுது முடித்தவளின் முகம் அது.

"சாமி, எம் புருசன் வெரதம் கெடுக்கல" என்றாள். "ஊரு அடிச்சாலும் வாங்கிக்கிறேன். கொளுத்தினாலும் வாங்கிக்கிறேன். பூசாரி வந்து காப்ப அறுக்கட்டும். அது போதும் எனக்கு."

"செருப்பு?"

அவள் மேலே கையைக் காட்டினாள். கூரை விட்டத்தில், மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு ஜோடி டயர் செருப்பு தொங்கியது. "காப்புக் கட்டுன அன்னைக்கு அவுகளே கட்டித் தொங்கவிட்டது. இத விட்டா வேற செருப்பு ஏது அவுகளுக்கு? ரெண்டாம் செருப்பு வாங்கி ஒளிச்சு வச்சிருந்தான்னு ஊருல சொல்றாக. ஒரு செருப்பு வாங்கவே ஒரு அறுவடை பாத்துக்கிட்டிருந்த மனுசன்."

ரத்தினவேல் செருப்பை இறக்கித் தன் உள்ளங்கையை விரித்து அளந்தார். பிறகு குழந்தைசாமியின் தலையை மெதுவாகத் திருப்பினார். பின்மண்டை உடைந்திருந்தது. நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை.

இன்னாசி எட்டிப் பார்த்தான். "முன்னாடி மரத்துல மோதுன ஆளுக்குப் பின்மண்டை எப்படிங்கய்யா ஒடையும்? நான் எத்தனையோ மரத்துல மோதியிருக்கேன். எப்பவும் மூக்குதான் போகும்."

"அனுபவஸ்தன் சொல்றான்" என்றார் ரத்தினவேல். "செவந்தி, ஒம் புருசனுக்கு யாரும் விரோதியா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். போன மாதம் மெட்ராஸ் போலீஸ்காரர் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்களாம். அங்கே ஏதோ தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போனதாம். கார் ஓட்டியவன் வல்லத்திராக்கோட்டை குழந்தைசாமி என்றார்களாம். அதே மாதம் இன்னொரு தடவையும் வந்தார்கள். வேறு கார், வேறு சாவு, அதே குழந்தைசாமி.

"கொள்ளிடம் பாலத்த இந்த சென்மத்துல தாண்டாத மனுசன். அந்தக் காருகளக் கண்ணால கண்டதில்ல. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல அவுகளுக்கு. எம்பேர எவனோ வித்துத் தின்கிறான்டின்னு சொன்னாக. கேக்க வேண்டியவனக் கேட்டுட்டு, காப்பு அவுத்த மறுநாள் ரயிலேறிப் போயி எல்லாத்தையும் சொல்லப் போறேன்னாக."

"கேக்க வேண்டியவன்னா யாரு?"

"சொல்லலியே சாமி."

தோப்புக்கு நடந்துதான் போனார்கள். கோதண்டம் காரிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். வெயில் சரியான வெயில். முந்திரிப் பழம் பழுத்து விழுந்த வாடை மூக்கை அடைத்தது. முகம் நசுங்கிய ஆஸ்டின் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. சக்கரத்தடியில் மண் இன்னும் கறுத்திருந்தது. அதற்கு மேல் யாரோ ஒரு கைப்பிடி வேப்பிலையைப் போட்டிருந்தார்கள். இன்னாசி அந்தப் பக்கம் பார்க்காமல் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் செருப்பு ஜோடியை எடுத்துக் காட்டினார். மெட்ராஸ் கடைச் செருப்பு, பளபளவென்று நல்ல தோல். ரத்தினவேல் கையை விரித்து அளந்தார்.

"நம்ம ஆளு காலு ஒழவு ஓட்டுன காலு. இதுல பாதிப் பாதந்தான் நொழையும், மீதி வெளியில நிக்கும். ஊரு செருப்பப் பாத்துச்சு, அளவப் பாக்கல. குத்தம்னு முடிவு பண்ணிட்டா அளவு யாரு பாக்குறா?"

"அப்ப இது கொன்னவன் செருப்பு" என்றான் இன்னாசி. "நேரான ரோடு. மேடு இல்ல, பள்ளம் இல்ல. மோதுனதுக்கு ஒரு காரணம் வேணும். டிரைவர் காலப் பாக்குறான், வெறுங்காலு. தன் செருப்பக் கழட்டி ஒண்ண மாட்டி விட்டான், ஒண்ண பிரேக்குக்கு அடியில சொருகிட்டான். வெறுங்காலுக்கு ஒரு காரணம் இருக்கும்னு அவனுக்குத் தெரியல. இந்த ஊர்க்காரன் இல்ல."

"இல்லாட்டி இந்த ஊர்ல காப்புக் கட்டினது தெரியாதவன். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நாளு கட்டுறாங்க."

"சரிங்கய்யா, செருப்ப இங்க விட்டுட்டு வெறுங்காலோட அவன் எந்தப் பக்கம் போனான்?"

ரத்தினவேல் தோப்புக்குள் நடந்தார். ரோட்டுப் பக்கம் போயிருந்தால் கண்ணில் பட்டிருப்பான். தோப்பின் பின்பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் களம் இருந்தது. செங்கமலம் என்ற பெண் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உடைத்த தோடு கறுப்புக் கசிவோடு குவிந்து கிடந்தது. இன்னாசி குவியலை நோக்கிக் காலை எடுத்தான்.

"மிதிச்சிராதீங்க" என்றாள் அவள். "அந்தத் தோட்டு எண்ணெ பட்டா தோலு பொத்துப் போகும். இன்னைக்குத் தெரியாது, நாளைக்குத் தண்ணி கோத்துக்கிட்டு நிக்கும். நேத்து நாங்க கஞ்சிக்குப் போன நேரத்துல எவனோ ஒரு மடையன் குவியலுக்கு நடுவுல நடந்து போயிருக்கான். எங்க ஊரு புள்ளைகூட அப்படி நடக்காது."

ரத்தினவேலின் மீசை லேசாக அசைந்தது. அவர் அப்படிச் சிரித்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம்.

ஆஸ்டினுக்குச் சொந்தக்காரர் தெய்வநாயகம். மெட்ராஸில் மரக் கடை, புதுக்கோட்டையில் பங்களா. திருவிழாவுக்குச் சொந்த ஊர் வந்திருந்தார். அவரைப் பற்றி ரத்தினவேலுக்கு முன்பே தெரியும். பங்களாவுக்குப் போகும் வழியில் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். கோதண்டம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"குழந்தைசாமி பேர எழுதுறதுக்கு முன்னாடியே மெட்ராஸ் ரோட்டுல ரெண்டு பேர அடிச்சுக் கொன்ன ஆளு. அங்க எந்தக் கம்பெனியும் அவருக்கு லேசுல பாலிசி குடுக்காது. குடுத்தா கழுத்தறுக்கிற பிரீமியம். அதனால காரு புதுக்கோட்டையில நிக்குது, குழந்தைசாமி மட்டும்தான் ஓட்டுறான், இதுவரைக்கும் ஒரு கோழியக்கூட அடிச்சதில்லன்னு காகிதத்துல எழுதிட்டாங்க. பிரீமியம் பாதிக்கும் கீழ. குழந்தைசாமி மாதிரி ஒரு நல்ல டிரைவர் பேரு கெடச்சா, அதையே எல்லாக் காகிதத்துலயும் எழுதி, மெட்ராஸ்ல ஓடுற அத்தனை எமன் வாகனத்தையும் வல்லத்திராக்கோட்டையில கட்டிப் போடலாம்."

"நம்ம ஊர்ல அத்தனை காரு நின்னா ஆட்டுக்கு எடம் ஏதுங்கய்யா?" என்றான் இன்னாசி. இந்த நகைச்சுவைக்கு அவனே சிரிக்கவில்லை. யாரோ ஒரு தாயின் பிள்ளை மெட்ராஸ் ரோட்டில் செத்தது. அந்தப் பழியைச் சுமக்க இங்கே ஒரு ஏழையின் நல்ல பேரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பங்களா வாசலில் இரண்டு தடியர்கள் வழி மறித்தார்கள். ரத்தினவேல் மரியாதையாகத்தான் கேட்டார். ஒருவன் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அவன் செய்த தப்பு அதுதான். தடியின் நுனி அவன் தொண்டைக்குழியில் குத்தியது. மூச்சு வராமல் மண்டி போட்டான். இரண்டாமவன் இன்னாசியை ஓங்கி அறைந்தான். இன்னாசிக்குச் சண்டை தெரியாது, இடிக்கத்தான் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு அவன் வயிற்றில் மோதினான். இருவரும் துளசி மாடத்தோடு சேர்ந்து விழுந்தார்கள். இன்னாசி எழுந்தபோது உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கீழே கிடந்தவனுக்கு முன்பல் இரண்டு இல்லை.

தெய்வநாயகம் கொல்லைப்புறத்தில் முக்காலியில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கால் இரண்டையும் நீட்டியிருந்தார். ரத்தினவேல் அவர் முகத்தை விட்டுவிட்டுக் காலையே பார்த்தார். பஞ்சு போன்ற பாதம், ஒரு கொப்புளம் கிடையாது.

"நான் ஓட்டல" என்றார் தெய்வநாயகம், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. "தூங்கிட்டிருந்தேன். குழந்தைசாமி எப்ப வண்டிய எடுத்தான், யாரை ஏத்திக்கிட்டுப் போனான், எனக்குத் தெரியாது. ஏஜெண்ட் கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். அவ்வளவுதான் என் தப்பு."

"மெட்ராஸ்ல ரெண்டு பேரக் கொன்னீங்களே?"

"அதுக்குத்தான் பிரீமியத்தை ஏத்துனாங்களே" என்றார் அவர்.

இன்னாசி அந்த முகத்தையே பார்த்தான். அவருக்கு அது பதிலாகவே தெரிந்தது. இவர் இந்தக் கொலையைச் செய்யவில்லையே என்று இன்னாசி உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

"துண்டக் கட்டிக்கிட்டு வாங்க. கோயிலுக்குப் போகணும்" என்றார் ரத்தினவேல்.

பொழுது சாய்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் வல்லத்திராக்கோட்டை முழுக்க மாரியம்மன் கோயில் திடலில் கூடியிருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்த மணல். செவந்தி ஒரு பக்கம் ஒண்டியாக நின்றாள். அவள் பக்கம் யாரும் போகவில்லை. எதிர்ப்பக்கம் மலையாண்டி, வீங்கிய கையில் துணி சுற்றி, இடது கையில் அரிவாள். அவன் காலடியில் மண்ணெண்ணெய் டின் இருந்தது. இன்னாசி வண்டியை மேட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, வழக்கம்போல இன்ஜினை உறுமவிட்டு வந்தான்.

"நேத்து மத்தியானம் அந்தக் கார்ல குழந்தைசாமியோட இன்னொருத்தன் இருந்தான்" என்றார் ரத்தினவேல் சத்தமாக. "பேரு சொல்ல எனக்குச் சாட்சி இல்ல. அதனால ஒங்க வழக்கப்படி போவோம். இந்தப் பாலிசியில சம்பந்தப்பட்டவங்க ஒவ்வொருத்தரும் ஆத்தா முன்னால சூடத்த அணைச்சு, நான் அந்த வண்டியில இல்லன்னு சத்தியம் பண்ணட்டும்."

பூசாரி சூடம் ஏற்றினார். தெய்வநாயகம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, சத்தியம் செய்தார்.

"அடுத்தது நீங்க சார்" என்றார் ரத்தினவேல்.

கோதண்டம் திடலின் ஓரத்தில் நின்றிருந்தார். "நானா? நான் கம்பெனி ஆள். காலையிலதானே ரயிலில் வந்தேன்."

"மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்? அந்த பூட்ஸக் கழட்டிட்டு வாங்க."

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது."

"நம்பிக்கை வேண்டாம். காலு போதும்."

இன்னாசிக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டது. புது பூட்ஸ். அளந்து வைத்த நடை. சாவு வீட்டில் ஏறாதது, தோப்புக்கு வராதது. அப்புறம் அந்தச் சட்டை. ராத்திரி முழுக்கக் கரி ரயிலில் வந்தவன் சட்டை அப்படி வெளுப்பாக இருக்குமா? இன்னாசி ஒருதரம் திருச்சி போய் வந்தாலே மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இவர் நேற்றே வந்து, செருப்பைத் தொலைத்து, கடையில் பூட்ஸ் வாங்கி, காலையில் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றிருக்கிறார்.

"இன்னாசி, சாருக்கு ஒத்தாசை பண்ணு."

இன்னாசி கோதண்டத்தின் காலடியில் உட்கார்ந்தான். "குனியச் சிரமமா இருக்கும் சார், நான் கழட்டுறேன்" என்று சொல்லி, வலது பூட்ஸை ஒரே இழுப்பாக இழுத்தான்.

கோதண்டம் அலறிய அலறலில் ஆலமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. காலுறையோடு சேர்ந்து தோலும் உரிந்து வந்தது. பாதம் முழுக்கக் கொப்புளம், உடைந்து நீர் வழிந்தது.

"தோட்டு எண்ணெ" என்றாள் கூட்டத்தில் நின்ற செங்கமலம். வேறு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோதண்டத்தின் மறு கால் இன்னாசியின் முகத்தில் பூட்ஸோடு இறங்கியது. ஏற்கெனவே கிழிந்த உதடு மறுபடி கிழிந்தது. தடுக்க வந்த கான்ஸ்டபிளைத் தள்ளிவிட்டு, மலையாண்டியின் இடது கையிலிருந்து அரிவாளைப் பறித்து, கண்மூடித்தனமாக வீசினார். கான்ஸ்டபிளின் முன்கை திறந்து ரத்தம் மணலில் கொட்டியது. கூட்டம் சிதறியது. அந்த இடைவெளியில் கோதண்டம் அரிவாளைப் போட்டுவிட்டு மேட்டுக்கு நொண்டி ஓடி, கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு, மோரிஸில் ஏறினார். இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததே.

வண்டி மேட்டிலிருந்து இறங்கியது. வழியில் செவந்தி நின்றாள். நகரவில்லை. நகர வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை போல. ரத்தினவேல் அவள் தோளைப் பிடித்து இழுத்து மண்ணில் விழுந்தார். வண்டி அவர்களை உரசிக்கொண்டு கண்மாய்க் கரைச் சரிவில் பாய்ந்தது.

"பிரேக்க மிதிக்கிறான்யா" என்றான் இன்னாசி, ரத்தம் ஒழுகும் வாயோடு.

சரிவின் அடியில் கருங்கல் மடைத்தூண் நின்றது. கோதண்டம் பிரேக்கை மிதித்தார், மறுபடி மிதித்தார், வெந்த காலால் எழுந்து நின்றே மிதித்தார். கட்டை உள்ளே போயிற்று, வெளியே வந்தது. அந்த வண்டி கண்ட விபத்துகளில் இன்னாசி செய்யாதது அது ஒன்றுதான்.

அவர்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது ஸ்டியரிங் கோதண்டத்தின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. முழங்கால் இரண்டும் வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தன. உயிர் இருந்தது, நினைவும் இருந்தது.

"மெட்ராஸுக்குப் போய்ச் சொல்லிடுவேன்னான்" என்றார் அவர், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "பேசிப் பாத்தேன். கேக்கல. வண்டியைக் கிளப்புற இரும்பு ஸ்டார்ட்டிங் ஹாண்டிலால ஒரே போடு. அப்புறம் வண்டியை மரத்துல மோதவிட்டேன். மரத்தடியில கிழவி இருந்தது எனக்குத் தெரியாது."

மலையாண்டி எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்தான். கீழே விழுந்திருந்த அரிவாள் மறுபடி அவன் கையில் இருந்தது. ரத்தினவேல் குறுக்கே நின்றார். ஆனால் மலையாண்டி நின்றது அவருக்காக அல்ல. செவந்தி அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"வெட்டாத மலையாண்டி. எனக்கும் வெட்டணும்னுதான் இருக்கு" என்றாள். "இவன் உசுரோட இருந்தாத்தான், எம் புருசன் பேர எவனெவனுக்கு வித்தான்னு மெட்ராசுல வாயத் தொறந்து சொல்லுவான். அந்தப் புள்ளையப் பெத்தவ எம் புருசன நெனச்சு மண்ண வாரித் தூத்திக்கிட்டிருப்பா. அவளுக்குத் தெரியணும்ல, அடிச்சது இவுக இல்லன்னு."

மலையாண்டி அவள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டான். பிறகு அரிவாளைக் கண்மாய்க்குள் வீசினான்.

ரத்தக் கறையோடு நின்ற இன்னாசி, கல்தூணில் அப்பிக் கிடந்த தன் மோரிஸைப் பார்த்தான். "இதுக்கு எந்தக் கம்பெனிங்கய்யா பணம் குடுக்கும்?" என்றான். ரத்தினவேல் அவன் தோளில் கை வைத்தார்.

பூசாரி ஆண்டிச்சாமி வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாகச் செவந்தியின் வீட்டுக்குள் போனார். குழந்தைசாமியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நெடு நேரம் ஏதோ முணுமுணுத்தார். மன்னிப்புக் கேட்டாரோ, மந்திரம் சொன்னாரோ, கிட்டே நின்ற இன்னாசிக்கும் விளங்கவில்லை. மஞ்சள் கயிறு அறுந்தது. செவந்திக்கு அப்போதுதான் மறுபடி அழுகை வந்தது.

பாடையைத் தூக்க ஆள் சேர்ந்தபோது, மலையாண்டி தெருவோரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். வீங்கிய கையை மடக்கிக்கொண்டு, முன் கொம்புக்குத் தோள் கொடுத்தான்.